முகப்பேர் வெளிச்சமும் லடாக் வெள்ளியும்

2013 ஜூன் 20, வியாழக்கிழமை. ராத்திரி 8.55 மணி வாக்கில் முகப்பேரில் சிலர் வானத்தில் அஞ்சு ஆரஞ்சு வெளிச்சங்களைப் பார்த்திருக்கிறார்கள். தெற்கேயிருந்து வடக்கே போயிருக்கு. பேப்பரில் செய்தி வந்தது, "பறக்கும் தட்டா?" என்று கேள்விக்குறி போட்டார்கள், அதோட சரி. அப்புறம் அதை யாரும் தொடலை.

நான் அம்பத்தூர்க்காரன். முகப்பேர் நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. அந்தச் செய்தியைப் படிச்சப்ப எனக்கு வேற்றுக்கிரகவாசி நினைப்பெல்லாம் வரலை. வந்த கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். இதைப் பார்த்தவர் யாரிடம் போய்ச் சொல்லணும்? போலீஸ் ஸ்டேஷனிலா? அங்கே போய் "சார், வானத்துல அஞ்சு லைட்டு போச்சு" என்றால் ஏட்டையா எப்படிப் பார்ப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

இதுல வேடிக்கை என்னன்னா, முகப்பேரிலிருந்து மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனா ஆவடி. அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கு, டாங்க் டிசைன் பண்ணுற சி.வி.ஆர்.டி.ஈ. இருக்கு, விமானப்படை நிலையமே இருக்கு. (ஆவடின்னு பேரே ஏதோ ராணுவ டிப்போவோட இங்கிலீஷ் சுருக்கம்னு சத்தியம் பண்ணுற ஆளுங்க இன்னிக்கும் உண்டு. டாங்க் தொழிற்சாலை வந்தது 1961-ல். காங்கிரஸ் மாநாடு ஆவடியில் நடந்தது 1955-ல். அப்பவே ஊர்ப் பேர் ஆவடிதான் சாமி.) இவ்வளவு ராணுவம் சுத்தி இருந்தும், தலைக்கு மேல போன வெளிச்சத்தைப் பத்தி யாரும் வந்து முகப்பேர்க்காரர்களைக் கேட்டதா சேதி இல்லை. நம்ம விமானப்படை, பொதுமக்கள் பார்த்ததைப் பதிவு பண்ணன்னு தனியா ஒரு பிரிவை அறிவிச்சதும் இல்லை.

அப்ப வேற எங்கேயாவது ராணுவம் வந்து கேட்டிருக்கா? கேட்டிருக்கு. ஒரு நாட்டில் இருபத்திரண்டு வருஷம் கேட்டிருக்கு. அந்த ஃபைலில் நம்ம டெல்லிக்காரங்க இருபத்தஞ்சு பேர் இருக்காங்க என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

முதல்ல அமெரிக்கக் கதை. 1947 ஜூன் 24. கென்னத் ஆர்னால்டுன்னு ஒரு வியாபாரி, சொந்தமா சின்ன விமானம் ஓட்டுபவர். வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலைப்பக்கம் பறந்துக்கிட்டு இருந்தப்ப ஒன்பது பொருட்கள் பளிச்சு பளிச்சுன்னு வரிசையாப் போறதைப் பார்த்தார். மனுஷன் பயந்து கத்தலை. ரெய்னியர் சிகரத்திலிருந்து ஆடம்ஸ் சிகரத்துக்கு அதுங்க போக எவ்வளவு நேரம் ஆச்சுன்னு விமானத்தோட கடிகாரத்தில் கணக்குப் பார்த்தார். 1 நிமிஷம் 42 செகண்டு. கணக்குப் போட்டா மணிக்கு 1,700 மைல் வருது. நம்பவே முடியாம தானே குறைச்சு 1,200-ன்னு வச்சுக்கிட்டார். தண்ணி மேல தட்டை வீசினா தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி போச்சுன்னு அசைவைச் சொல்லப்போக, பத்திரிகைக்காரங்க பொருளே தட்டுன்னு எழுதிட்டாங்க. "பறக்கும் தட்டு" பொறந்தது அப்படித்தான்.

ஆர்னால்டிடம் ராணுவ விமானப்படை ரெண்டு உளவு அதிகாரிகளை அனுப்பியது. கேப்டன் வில்லியம் டேவிட்சன், லெஃப்டினென்ட் ஃபிராங்க் பிரவுன். உக்காந்து பேசினாங்க, வரைபடம் வாங்கினாங்க. இந்த ஆள் பார்த்ததாகச் சொல்வதை நிஜமாவே பார்த்திருக்கார் என்ற அபிப்பிராயத்தோட பிரவுன் ரிப்போர்ட் எழுதினார். அடுத்து டகோமா பக்கம் இன்னொரு புகாரை விசாரிக்கப் போனாங்க. அது சுத்தப் பித்தலாட்டம். விசாரிச்சுட்டுத் திரும்பினப்ப, 1947 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, அவங்க வந்த பி-25 விமானம் தீப்பிடிச்சு விழுந்து ரெண்டு பேரும் செத்துப் போனாங்க. விமானத்தில் இருந்த மத்த ரெண்டு பேர் பாராசூட்டில் குதிச்சுப் பிழைச்சாங்க. யாரோ விட்ட ஒரு புளுகை விசாரிக்கப் போய் ரெண்டு உயிர்! இந்தத் துறையில் வேலை பார்த்து முதல்ல செத்தவங்க இவங்கதான்னு நினைக்கும்போது, இது சும்மா சிரிச்சுட்டுப் போற விஷயமாத் தெரியலை எனக்கு.

அதுக்கப்புறம் அமெரிக்க விமானப்படை "சைன்", "கிரட்ஜ்", கடைசியா "புளூ புக்"ன்னு மூணு பேரில் 1969 டிசம்பர் வரைக்கும் இதைக் கட்டி மேய்ச்சது. மொத்தம் 12,618 புகார். அதில் 701 "அடையாளம் தெரியாதவை"ன்னு மிஞ்சியது. மீதியெல்லாம் கிரகம், எரிகல், பலூன், விமானம், பறவை, புரளி.

அந்த 'அடையாளம் தெரியாதவை' பட்டியலைப் பொறுமையா இறக்கிக்கிட்டே வந்தா ஒரு இடத்தில் "புது டெல்லி, இந்தியா" என்று இருக்கு. 1951 மார்ச் 15, காலை 10.20 மணி. பார்த்தவர்கள் ஒரு ஃப்ளையிங் கிளப்பைச் சேர்ந்த 25 பேர். அதில் கிளப்போட தலைமை இன்ஜினியரும் அவரோட ரெண்டு உதவியாளர்களும் அடக்கம். உலோகம் மாதிரி மின்னுற, சுருட்டு வடிவப் பொருள் ஒண்ணு. பின்னாடி வெள்ளைப் புகை. வேகம் எடுத்தப்ப புகை கறுப்பா மாறியது. வானத்தில் பெரிய வட்டம் அடிச்சது. வேகம் மணிக்கு 1,000 மைல் இருக்கும்னு கணிச்சிருக்காங்க.

கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. பட்டப்பகல். ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, இருபத்தஞ்சு பேர். அதுவும் விமானத்தோடயே புழங்குறவங்க. ஒரு சாட்சின்னா இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா?

இதுக்கு ஒரு சாதாரண பதில் இருக்கலாம் என்பது என் எண்ணம். நம்ம விமானப்படைக்கு 1948 கடைசியில் வாம்பயர் ஜெட் வந்தாச்சு. 51-ல் டெல்லி வானத்தில் ஜெட் விமானம் இன்னும் புதுசுதான். வெள்ளைப் புகை கறுப்பா மாறுறதும், வட்டம் அடிக்கிறதும் ஜெட்டுக்குப் பொருந்தாத விஷயம் இல்லை. "வாம்பயர் 550 மைலைத் தாண்டாதே, ஆயிரம் எப்படி?"ன்னு கேப்பீங்க. அன்னிக்குத் தேதிக்கு உலகத்தில் எந்த விமானமும் ஆயிரம் மைலைத் தொடலைதான். ஆனா தூரம் தெரியாம வேகம் சொல்லவே முடியாது. வானத்தில் ஒரு பொருள் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு அஞ்சு செகண்டில் போச்சு என்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அது ரெண்டு மைல் தள்ளி இருந்தா ஒரு வேகம், நாலு மைல் தள்ளி இருந்தா அதே காட்சிக்கு ரெட்டை வேகம். ஆர்னால்டுக்கும் இதே பிரச்சினைதான். அவர் ரெண்டு சிகரங்களைக் கோடாக வச்சுக்கிட்டார், அந்தப் பொருள் சிகரத்துக்கு எவ்வளவு கிட்டே இருந்தது என்பதில்தான் முழுக் கணக்கும் தொங்குது.

சரி, இதையெல்லாம் அந்த இருபத்தஞ்சு பேரிடம் யாராவது அன்னிக்கே கேட்டிருந்தா? எந்தத் திசை, எவ்வளவு உயரம், சூரியன் எந்தப் பக்கம்? அந்த நேரத்தில் டெல்லிக்கு மேல நம்ம விமானம் எது பறந்துச்சுன்னு ஒரு ஏட்டைப் பொரட்டிப் பார்த்திருந்தா ஒருவேளை மத்தியானமே முடிஞ்சிருக்கும். அப்படி நடக்காம, அந்த வழக்கு வேற நாட்டுப் பட்டியலில் நாலு வரியாக நின்னுபோச்சு.

ஆவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எங்க தெருவில் இருக்கார். சாயங்காலம் பால் வாங்கப் போறப்ப பார்த்துப் பேசுவோம். இந்தப் பட்டியல் விஷயத்தைச் சொல்லி, "ஏன் சார், இருபத்திரண்டு வருஷம் விசாரிச்சும் 701 கேஸ் அப்படியே நிக்குதே, மிலிட்டரிக்காரங்களுக்கே கண்டுபிடிக்க முடியலையா?" என்று கேட்டேன். சிரிச்சார். "தம்பி, அவன் கண்டுபிடிக்க உக்காரலை. எதிரியோடதா இல்லையான்னு பார்க்க உக்காந்தான். இல்லைன்னு தெரிஞ்சா ஃபைலை மூடிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவான்."

இதைக் கேட்டதும் எனக்குப் பல விஷயம் விளங்குச்சு. "அது என்ன?" என்பது ஒரு கேள்வி. "அது யாருடையது?" என்பது வேற கேள்வி. ராணுவத்தோட கேள்வி எப்பவும் ரெண்டாவதுதான். அதில் தப்பும் இல்லை, அவங்க வேலையே அதுதான். ஆனா பார்த்த மனுஷனுக்கு வேண்டியது முதல் கேள்விக்குப் பதில்.

1953 ஜனவரியில் அமெரிக்க உளவுத்துறை விஞ்ஞானிகளைக் கூட்டி ஒரு குழு வச்சது, ராபர்ட்சன் குழுன்னு பேர். அவங்களோட பெரிய கவலை பறக்கும் தட்டு இல்லை. ஜனங்க இப்படிப் புகார் மேல புகார் அனுப்பினா, நிஜமாவே சோவியத் விமானம் வர்றப்ப லைன் பிஸியா இருக்குமே என்பதுதான்! அதனால ஜனங்களுக்கு இதில் இருக்கிற ஆர்வத்தைக் குறைக்கணும்னு யோசனை சொன்னாங்க. புகார் கொடுத்தவரைக் கொஞ்சம் அசட்டுப் பட்டம் கட்டி அனுப்புற வழக்கம் இதுக்கப்புறம் நல்லா வேர் விட்டுச்சு. 1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் கல்லூரி மாணவிகள் உட்பட நிறையப் பேர் வெளிச்சம் பார்த்தப்ப, விமானப்படையோட ஆலோசகராக இருந்த வானியலாளர் ஆலன் ஹைனெக், சதுப்பு நிலத்தில் கிளம்புற வாயுவாக இருக்கலாம்னு சொன்னார். ஊரே கொந்தளிச்சது. நாங்க என்ன சேத்து வாயுக்கும் விளக்குக்கும் வித்தியாசம் தெரியாத முட்டாள்களான்னு. அந்தத் தொகுதிப் பக்கத்து எம்.பி. ஒருத்தர் காங்கிரஸ் விசாரணை வேணும்னு கேட்டார். பின்னால ஜனாதிபதியான ஜெரால்டு ஃபோர்டுதான் அவர்.

பிரிட்டனிலும் இதே கதைதான். அவங்க பாதுகாப்பு அமைச்சகம் ஐம்பது வருஷத்துக்கு மேல ஒரு மேஜை போட்டு ஜனங்க புகாரை வாங்கிக்கிட்டு இருந்தது. 2009-ல் மூடிட்டாங்க. காரணம்? இத்தனை வருஷத்தில் ஒரு புகாராவது நாட்டுக்கு ஆபத்துன்னு காட்டலை. பார்த்தீங்களா, "என்ன" என்பதற்கு அங்கே வேலையே இல்லை. 2022-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மறுபடியும் ஒரு அலுவலகம் தொடங்கினப்பவும், 2023-ல் வச்ச புகார்ப் படிவம் அரசு ஊழியர்களுக்கும் ராணுவத்தினருக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும்தான். பிரான்ஸ்காரன் மட்டும் 1977-லேயே இந்த வேலையை விண்வெளி நிறுவனத்திடம் கொடுத்தான். ஊர்க் காவலில் இருக்கிற ஜாண்டார்ம் படை போய் வாக்குமூலம் வாங்கும், விஞ்ஞானிகள் அலசுவாங்க. எனக்குப் பிடிச்ச ஏற்பாடு இதுதான்.

நிற்க. நம்ம நாட்டில் ராணுவம் தானாகவே போய் "அது என்ன?" என்று ஆளைத் தேடிக் கேட்ட சம்பவம் ஒண்ணு இருக்கு. முகப்பேர் வெளிச்சம் வந்த அதே 2013-ல்தான் அதோட முடிவு வெளியே வந்தது. பார்த்தவங்க பொதுஜனம் இல்லை, ஜவான்கள். ஆனா விசாரணைன்னா எப்படி இருக்கணும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை.

லடாக், பாங்காங் ஏரிப் பக்கம் தாகுங் என்ற இடம். கடல் மட்டத்திலிருந்து ரொம்ப உயரத்தில். 2012 ஆகஸ்டிலிருந்து நம்ம ஜவான்களும், இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ்காரர்களும் தினம் ராத்திரி மஞ்சள் வெளிச்சத்தைப் பார்க்க ஆரம்பிச்சாங்க. சீனப் பக்கத்துத் தொடுவானத்திலிருந்து மெல்ல எழும்பும், மூணிலிருந்து அஞ்சு மணி நேரம் வானத்தில் நகரும், மறையும். மேலிடத்துக்கு ரிப்போர்ட் போச்சு. செப்டம்பரில் ஒரு நடமாடும் ரேடாரையும் அலைக்கற்றை அளக்குற கருவியையும் மலை மேல ஏத்தினாங்க. கண்ணுக்குத் தெரியுது, ரேடாரில் விழலை! நம்ம ஆளில்லா விமானத்தை அதை நோக்கி அனுப்பினாங்க. அது ஏறுற வரைக்கும் ஏறி, கிட்டக்கூடப் போக முடியாமத் திரும்பிடுச்சு.

அங்கே நிக்குற ஜவானை நினைச்சுப் பாருங்க. உறைய வைக்கும் குளிர், மூச்சு முட்டுற உயரம், எதிர்ப்பக்கம் சீனா. வெளிச்சம் தினம் வருது. ரேடாருக்கு அகப்படலை. ஒரு சிப்பாய் வேற என்னதான் நினைப்பான்? 2013 பிப்ரவரி வரைக்கும் 329 தடவை பார்த்ததாகக் கணக்கு. அதில் 155 தடவை கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி நம்ம பக்கம் வந்ததாக எழுதி வச்சிருக்காங்க. இது விளையாட்டு இல்லை. அதே 2013 ஏப்ரலில் கொஞ்சம் வடக்கே டெப்சாங்கில் சீனப் படை கூடாரம் போட்டு மூணு வாரம் நகர மாட்டேன்னு உக்காந்தது. அந்த நேரத்தில் "155 முறை வான் எல்லை மீறல்"னு ஒரு காகிதம் மேஜையில் இருந்தா அதோட கனம் என்னன்னு சொல்ல வேண்டியதில்லை.

ராணுவம் அப்ப செஞ்ச ஒரு நல்ல காரியம், பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைக் கூப்பிட்டது. லடாக்கிலேயே ஹான்லேயில் அவங்களுக்குத் தொலைநோக்கி இருக்கு. வந்த வானியலாளர்கள் ஜவான்களைப் பார்த்து சிரிக்கலை, "சேத்து வாயு"ன்னும் சொல்லலை. ஒரு வேலை கொடுத்தாங்க. எந்த நேரத்தில், எந்தத் திசையில், தொடுவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கு, சுத்தி இருக்கிற நட்சத்திரங்களோட சேர்ந்து நகருதா தனியா நகருதா? இதைக் குறிச்சு வைங்க. அவ்வளவுதான்.

ஜவான்கள் குறிச்சாங்க. ஒரு பொருள் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து விடியற்காலை அஞ்சு வரைக்கும். இன்னொண்ணு காலை நாலு மணிக்கு வந்து பதினோரு மணி வரைக்கும்.

முதலாவது வியாழன். ரெண்டாவது வெள்ளி.

சரிபார்க்கணும்னா நீங்களே பார்க்கலாம். 2012 டிசம்பர் 3-ஆம் தேதி வியாழன் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் இருந்தது. அப்படின்னா சூரியன் மறையும்போது உதிக்கும், ராத்திரி முழுக்க இருக்கும். வெள்ளி அந்த ஜூனிலிருந்தே விடிவெள்ளி. எல்லாம் டாண்ணு பொருந்துது. பகல் பதினோரு மணிக்கு வெள்ளி கண்ணுக்குத் தெரியுமான்னு கேட்டா, காத்து அவ்வளவு மெல்லிசா இருக்கிற உயரத்தில், இடத்தைத் தெரிஞ்சுக்கிட்டுப் பார்த்தா தெரியும். ரேடாரில் ஏன் விழலை? கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது எல்லைக் காவல் ரேடாரில் எப்படி விழும்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த 155 ஊடுருவல்தான். லடாக்குக்குக் கிழக்கே சீனா. சூரியன், சந்திரன், கிரகம், நட்சத்திரம் எல்லாமே கிழக்கே உதிச்சு மேற்கே போகும். ஆக வானத்தில் இருக்கிற அத்தனையும் தினம் சீனாவிலிருந்து கிளம்பி இந்தியாவுக்குள்ளே "ஊடுருவும்"! இதை எழுதும்போது சிரிப்பு வந்தாலும், அந்த ஜவான்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். கும்மிருட்டில் ஒத்தை வெளிச்சத்தையே முறைச்சுப் பார்த்தா அது அசையற மாதிரிதான் தெரியும். கண்ணோட சுபாவம் அது. உண்மையான டிரோன்களும் அந்தப் பக்கம் பறந்துக்கிட்டுதான் இருந்தது. அவங்க பார்த்ததைப் பார்த்தபடி எழுதினதாலதான் இந்த முடிச்சு அவிழ்ந்தது.

இப்ப நம்ம ஊர் சங்கதி ஒண்ணு. இந்த பெங்களூர் நிறுவனம் எங்கே பிறந்துச்சு தெரியுமா? நுங்கம்பாக்கத்தில். 1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்த வானாய்வுக்கூடமாக ஆரம்பிச்சார். கிழக்கிந்தியக் கம்பெனி அதை எடுத்துக்கிட்டு 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் கட்டியது. 1861-ல் அங்கிருந்துதான் நார்மன் போக்சன் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடிச்சு "ஆசியா"ன்னு பேர் வச்சார். அதே இடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறுற விண்மீன் ஒண்ணைக் கண்டுபிடிச்சார். அப்புறம் வேலையெல்லாம் கொடைக்கானலுக்குப் போச்சு, 1971-ல் தனி நிறுவனமாகி பெங்களூரில் தலைமையகம் வந்தது. ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கியும் அவங்களோடதுதான். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை மைய வளாகத்துக்குள்ளே பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் ஒண்ணு இன்னும் நிக்குது, அதில் தமிழிலும் எழுதி வச்சிருக்காங்க.

முகப்பேரிலிருந்து மேற்கே ஆவடி எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அதே தூரம்தான் கிழக்கே நுங்கம்பாக்கம். "யாருடையது?" என்று கேக்குறவங்க ஒரு பக்கம், "என்ன?" என்று கேக்கும் பரம்பரை பிறந்த இடம் இன்னொரு பக்கம். நடுவில் நம்ம ஆளுங்க அஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துட்டு நின்னாங்க.

பொதுஜனத்தோட கண் காரணமா நம்ம விமானப்படை நிஜமாவே கிளம்பினது 2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. இம்பால் விமான நிலையத்துக்கு மேல மத்தியானம் ரெண்டரை மணி வாக்கில் ஏதோ ஒண்ணு பறக்குதுன்னு அங்கே இருந்தவங்க பார்த்தாங்க. மணிப்பூர் மே மாசத்திலிருந்து கலவரத்தில் எரிஞ்சுக்கிட்டு இருந்த வருஷம். டிரோன்னா பயப்பட வேண்டிய நேரம். ஓடுபாதையைப் பல மணி நேரம் மூடினாங்க, வந்த விமானங்களை வேற ஊருக்குத் திருப்பினாங்க. வங்காளத்தில் ஹாசிமாராவிலிருந்து ரஃபேல் விமானங்கள் தேடப் போச்சு. ஒண்ணும் அகப்படலை. இம்பாலிலிருந்து கண்ணால் பார்த்த தகவல் வந்தது, வான் பாதுகாப்பு ஏற்பாட்டை முடுக்கினோம், அதுக்கப்புறம் அந்தச் சின்னப் பொருள் தென்படலைன்னு விமானப்படையோட கிழக்குக் கட்டளையகம் ரெண்டு வரி போட்டது. ஆபத்து இல்லை, ஃபைல் மூடியாச்சு. எங்க தெருப் பெரியவர் சொன்னதேதான்.

அதுக்கு முன்னாடி, 2016 குடியரசு தினத்தன்னிக்கு ராஜஸ்தானில் பார்மேர் பக்கம் ஒரு கிராமத்தில் டமால் டமால்னு சத்தம் கேட்டு ஜனங்க வெளியே ஓடி வந்தாங்க. உலோகத் துண்டுகள் கிடந்துச்சு. பயந்து போலீஸுக்குச் சொன்னாங்க. அங்கே பதில் சீக்கிரமே வந்தது, ஏன்னா செஞ்சது விமானப்படையேதான். ரேடாரில் பலூன் மாதிரி ஒரு பொருள் தெரிஞ்சு, சுகோய் போய்ச் சுட்டு இறக்கியிருந்தது. ஜனங்க காதில் விழுந்தது அந்தச் சத்தம்தான்.

சரி, முகப்பேர் வெளிச்சம் என்னவாம்? என்னைக் கேட்டா, சூடான காத்தில் மேலே போற காகித விளக்குன்னுதான் சொல்லுவேன். கல்யாணம், பிறந்தநாள்னு இப்ப விடுறாங்களே, அதுதான். ஆரஞ்சு நிறம், அஞ்சும் ஒரே பக்கமாப் போனது, எல்லாம் ஒத்துப்போகுது. ஜூன் மாச ராத்திரியில் நம்ம பக்கம் தெற்கேயிருந்து காத்து வர்றதும் சகஜம், காகித விளக்கு காத்து தள்ளுற திசையில்தான் போகும். (அதுக்கு ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் மேல முன்னாடி, மே 15-ஆம் தேதி அரக்கோணம் கடற்படைத் தளத்துக்கு முதல் பி-8ஐ விமானம் வந்து இறங்கியது. அதை வச்சு சூப்பரா ஒரு மர்மக் கதை கட்டலாம். கட்டுற ஆளுங்க கட்டிக்கட்டும்.) ஆனா இது என் ஊகம்தான், விசாரணை இல்லை. விசாரணைன்னா அன்னிக்கு 8.55-க்கு மீனம்பாக்கத்தில் காத்து எந்தத் திசை, எந்த விமானம் இறங்குச்சு, நெற்குன்றம் மதுரவாயல் பக்கம் எந்த மண்டபத்தில் விசேஷம்னு யாராவது போய்க் கேட்டிருக்கணும். மூணு போன் கால் வேலை.

அப்படிக் கேக்க ஆள் வர்ற வரைக்கும் நாமளே எழுதி வச்சுக்கலாம். அம்பத்தூர் ஏரிக்கரையிலோ, திருமுல்லைவாயல் மொட்டை மாடியிலோ நின்னு ஏதாவது பார்த்தீங்கன்னா, போனைத் தூக்கி ஆடுற வீடியோ எடுக்குறதுக்கு முன்னாடி மணியைப் பாருங்க. எந்தத் தெரு, எந்தத் திசைன்னு குறிச்சுக்குங்க. கையை முழுசா நீட்டி முஷ்டியை மடக்கி தொடுவானத்து மேல வைங்க. ஒரு முஷ்டி அகலம் சுமாரா பத்து டிகிரி. அதுக்கு மேல இன்னொரு முஷ்டி, இன்னொண்ணு. எத்தனையாவது முஷ்டியில் வெளிச்சம் இருந்ததுன்னு எழுதுங்க. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி. மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி. அது நாலு நிமிஷம் முன்னாடியே அதே இடத்துக்கு வந்து நின்னுச்சுன்னா, கவலைப்படாம உள்ளே போய்ச் சாப்பிடுங்க.